நெருப்பைச் சுற்றி ஓர் அவை

ஸ்காட்லாந்து ஜனங்களின் சரித்திரம்: பதினேழாம் பகுதி

1746-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் கலோடன் வெளியில் மலைநாட்டுச் சேனை ஒரு மணி நேரத்துக்குள் சிதறுண்டதையும், அதன் பின் குலத் தலைவர்களின் நியாயாதிகாரம் சட்டத்தினால் பறிக்கப்பட்டு, குடிகளுக்குத் தந்தையாக இருந்த தலைவன் நாளடைவில் குத்தகைப் பணம் வாங்கும் நிலச்சுவான்தாராக மாறியதையும் சென்ற பகுதியில் பார்த்தோம். யுத்தத்துக்கும் சட்டத்துக்கும் தஸ்தாவேஜுகள் இருக்கின்றன. ஆகையால் அவற்றின் வரலாற்றை எழுதுவது ஒருவாறு எளிது. அதே ஜனங்கள் இராக்காலத்தில் யார் வீட்டில் கூடினார்கள், அங்கே எந்தப் பாட்டைக் கேட்டார்கள், கையில் காசில்லாத வாலிபன் எவ்வாறு கலியாணம் செய்துகொண்டான், அயல் வீட்டுப் பெண்கள் ஒருத்தியின் கம்பளித் துணியை அடித்துக் கொடுக்க வந்தபோது அவர்கள் வாயிலிருந்து பிறந்தது என்ன என்னும் விஷயங்களை எந்தக் குமாஸ்தாவும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் ஒரு தேசத்தின் ஜீவன் எங்கே தங்கியிருந்தது என்று அறிய விரும்புகிறவர்கள் இவற்றைத் தாண்டிப் போய்விட முடியாது. ஆகையால் இந்தப் பகுதி முழுவதையும் இவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கிராமத்துச் சங்கீதத்தைப் பொழுதுபோக்கு என்று எண்ணுவதே பெரும்பாலோர் வழக்கம். ஸ்காட்லாந்தின் விஷயத்தில் அந்த எண்ணம் நம்மை வெகு தூரம் அழைத்துச் செல்லாது. இந்தச் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதிப்பட்ட உண்மை ஒன்று உண்டு. அந்த நாட்டில் ஒரு வீட்டார் மற்றொரு வீட்டாருக்குக் கைகொடுக்கும் கடமை எங்கெங்கே இருந்ததோ அங்கங்கேதான் பாட்டும் கூத்தும் வளர்ந்தன. அந்தக் கடமை தளர்ந்த இடங்களில் அவையும் தளர்ந்தன. இனிச் சொல்லப்போகும் ஒவ்வொரு கூட்டத்திலும் இதை வாசகர்கள் காணலாம்.

மேற்குக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் சமுத்திரத்தின் அலைகளை ஏற்றுக்கொண்டு கிடக்கும் ஹெப்ரிடீஸ் தீவுகளில், டிஸம்பர் மாதத்துக் கடைசியில் பகற்பொழுது ஏறக்குறைய ஆறரை மணி நேரந்தான். காலை ஒன்பது மணிக்கு மேல் எழும் சூரியன் மாலை நான்கு மணி ஆவதற்குள் மறைந்துவிடும். மரமே அரிதான அந்த நிலத்தில் விறகுக்கு வழியில்லை. கோடையில் சதுப்பு நிலத்தை வெட்டி உலர்த்திய 'பீட்' என்னும் கரிமண் கட்டிதான் அடுப்பெரிக்க உதவும். குடியானவர்கள் வசித்த வீடுகளுக்குக் 'கறுப்பு வீடு' என்று பெயர். சாந்து பூசாமல் கல்லை அடுக்கி இரட்டைச் சுவராக எழுப்பி, இடைவெளியில் மண்ணை நிரப்பி, மேலே வைக்கோல் வேய்ந்து, அந்தக் கூரையைப் புயற்காற்று தூக்கிக்கொண்டு போகாதபடி கயிறுகளால் இழுத்துக் கட்டி, கயிற்று நுனிகளில் கற்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். புகைபோக்கி கிடையாது. நடுத்தரையில் எரியும் நெருப்பின் புகை கூரையின் ஊடே கசிந்து வெளியேற வேண்டியதுதான். ஒரே கூரையின் கீழ் ஒரு பக்கம் மனிதர்களும் மறுபக்கம் பசுக்களும் குளிர்காலத்தைக் கழித்தார்கள். லூயிஸ் தீவில் ஆர்னல் என்னும் கிராமத்தில் இத்தகைய வீடு ஒன்றில் 1966-ஆம் வருஷம் வரையில் ஒரு குடும்பம் வசித்து வந்தது. அந்த வீடு இன்றும் பழுதில்லாமல் காப்பாற்றப்பட்டு வருகிறது.

இப்படிப்பட்ட வீடுகளுள் ஊருக்கு ஒன்றோ இரண்டோ, கதை சொல்லும் ஆற்றல் உடையவனுடைய வீடாகவோ பாட்டு நிரம்பியவளுடைய வீடாகவோ அமைந்து, குளிர்காலத்து இரவுகளில் ஊருக்கெல்லாம் பொதுவிடமாகிவிடும். அங்கே போவதற்கு அழைப்பு வேண்டியதில்லை; கதவைத் தட்டும் வழக்கமும் இல்லை. வந்தவர்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். இந்தக் கூட்டத்தைத்தான் கேலிக் பாஷை பேசும் ஜனங்கள் 'கேய்லி' என்று வழங்கினார்கள்.

அதை நேரில் கண்டு எழுதியவர்களுள் முதலில் சொல்லத் தக்கவர் அலெக்ஸாண்டர் கார்மைக்கேல். 1832-ல் லிஸ்மோர் தீவில் பிறந்த அவர் கலால் இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். சர்க்கார் வேலையாகத் தீவு தீவாகச் சுற்றிய அவர், போன இடமெல்லாம் கிழவர்களும் கிழவிகளும் சொல்லிய பிரார்த்தனைகளையும் மந்திரங்களையும் பாடல்களையும் பல்லாண்டுகள் எழுதி எழுதிச் சேர்த்து, 'கார்மினா கடேலிகா' என்ற பெயரால் 1900-ல் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். கேட்டவற்றை அவர் சில இடங்களில் மெருகிட்டார் என்று பிற்காலத்துப் பண்டிதர்கள் குறை கூறுவார்கள். அது விசாரிக்கத் தக்க விஷயமே. ஆயினும் அந்த நூலின் முகவுரையில் கதை சொல்லி ஒருவனுடைய வீட்டை அவர் வருணிக்கும் இடம், கண்ணால் பார்த்தவன்தான் எழுத முடியும் என்னும்படி இருக்கிறது.

வெளியே குளிர்காற்றும் பனித்தூறலும் வீசுகின்றன. வீடு முன்னமே நிறைந்துவிட்டது. இருந்தும் அந்நியர் ஒருவர் வந்து நிற்கக் கண்டதும், வீட்டுக்காரனுக்கு அருகில் இருந்த ஆசனத்தை ஒருவன் காலி செய்துகொடுத்து அவரை உட்காரச் சொல்லுகிறான். பெண்கள் எல்லோரும் அமர்ந்திருக்கிறார்கள். சிறுமிகள் தகப்பன்மார், தமையன்மார் முழங்கால்களுக்கு இடையே ஒடுங்கியிருக்கிறார்கள். பையன்கள் எங்கே ஏற முடியுமோ அங்கே ஏறித் தொற்றிக்கொண்டிருக்கிறார்கள். யாருடைய கையும் சும்மா இல்லை. வீட்டுக்காரன் கூரையை இழுத்துக் கட்டுவதற்காக ஹெதர் செடியின் சுள்ளிகளைக் கயிறாக முறுக்கிக்கொண்டிருக்கிறான். அயல் வீட்டுக் குடியானவன் ஒருவன் பசுக்களைக் கட்டுவதற்குக் கயிறு திரிக்கிறான். மற்றொருவன் மாவு வைக்கும் கூடையைப் புல்லினால் முடைகிறான். வீட்டுக்காரி நூல் நூற்கிறாள். ஒரு மகள் கம்பளி மயிரைச் சிக்கெடுக்கிறாள். வேலை செய்வதாகப் பெயர் பண்ணும் மற்றொரு மகளோ பின்புறத்து நிழலில் பக்கத்து வீட்டுப் பையனோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருக்கிறாள். மழையைப் பற்றியும் மாட்டு விலையைப் பற்றியும் பேச்சு நடந்து முடிந்த பிறகு வந்தவர் ஒரு கதை வேண்டுகிறார், வீட்டுக்காரன் தொடங்குகிறான்.

முதற் கதை வீட்டுக்காரனுடையது. அப்பால் பொழுது விடியும் வரையில் சொல்லும் பொறுப்பு விருந்தாளிகளுடையது என்பது அங்கே நிலவிய நியதி. கதை தெரியாதவன் ஒரு பாட்டைப் பாடலாம். பாட வராதவன் விடுகதை போடலாம். பிடில் வாசிக்கத் தெரிந்தவன் ஒரு மெட்டை வாசிக்கலாம். வாங்கிக்கொண்டே இருந்துவிட்டு ஒன்றும் கொடாமல் எழுந்து போவது மரியாதை அன்று. பாடுகிறவர் வேறு, கேட்கிறவர் வேறு என்னும் பிரிவினை அந்த அவையில் ஏற்படாததற்கு இந்த நியதியே காரணம். ஐரிஷ் வீரனாகிய ஃபின் என்பவனைப் பற்றிப் பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட ஏட்டுச் சுவடிகளில் காணும் பழங்கதைகள், எழுத்து வாசனையே இல்லாத மீனவர்களின் நாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையில் பிழைத்திருந்தது இந்தக் கூட்டங்களால்தான். ஐலா தீவைச் சேர்ந்த ஜான் பிரான்ஸிஸ் காம்ப்பெல் 1860 முதல் 1862 வரையில் நான்கு பாகங்களாக வெளியிட்ட மேற்கு மலைநாட்டுக் கதைத் தொகுதி பெரும்பாலும் இப்படிப்பட்ட வாய்களிலிருந்து பெற்றதே.

பெண்களுக்கே உரிய கூட்டம் ஒன்று உண்டு. அதை இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தறியிலிருந்து எடுத்த கம்பளித் துணி தளர்ச்சியாகவும் எண்ணெய்ப் பசையோடும் இருக்கும். அது சுருங்கி நெருக்கமாகி, மழையும் காற்றும் நுழையாத தடித்த ஆடையாக வேண்டுமானால், அதை நனைத்து வெகு நேரம் அடித்துப் பிசைய வேண்டும். பல நாள் சேர்த்து வைத்த சிறுநீரில் துணியை ஊற வைப்பார்கள். பசையைப் போக்குவதற்கும் சாயம் நிலைப்பதற்கும் அதைவிடச் சிறந்த பொருள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இந்த வேலையை ஒரு வீட்டார் தனியாகச் செய்ய இயலாது. ஆகையால் துணி முடிந்த வீட்டுக்கு அண்டை அயல் பெண்கள் பத்துப் பேர் போல வந்து, நீண்ட பலகையின் இரு புறமும் எதிரெதிராக உட்கார்ந்துகொண்டு, ஈரத் துணியைப் பலகையில் அடித்து அடித்துப் பக்கத்திலிருப்பவள் கைக்குத் தள்ளுவார்கள். துணி வலமாகவே சுற்றிவர வேண்டும். இடமாகச் சுற்றினால் அமங்கலம். கூலி என்ற பேச்சில்லை. இன்று உன் துணி, நாளை என் துணி.

பத்துப் பேர் கை ஒரே சமயத்தில் விழுவதற்குப் பாட்டு அவசியமாயிற்று. ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பொருளற்ற ஓசைச் சொற்களால் ஆன பல்லவியை ஏற்றுப் பாடுவார்கள். துணி புதிதாக நனைந்திருக்கையில் மெதுவாகவும், சூடேற ஏற விரைவாகவும் பாட்டின் நடை மாறும். ஒரு முறை பாடிய பாட்டை அதே துணிக்கு மறுமுறை பாடக்கூடாது என்பது ஐதிகம். அதனால் ஒருத்திக்குப் பல பாட்டுத் தெரிந்திருப்பது நிர்ப்பந்தமாயிற்று. ஆண்களுக்கு அங்கே இடமில்லை. கடலில் மாண்ட சகோதரனைப் பற்றிய புலம்பலும், ஏமாற்றிச் சென்றவனைப் பற்றிய வசையும், இரு நூறு முந்நூறு வருஷங்களுக்கு முன் நடந்த குலச் சண்டைகளின் செய்தியும் அந்தப் பாட்டுக்களில் கலந்திருக்கும். முடிவில் இளம் பெண்களின் பெயரை ஊர் வாலிபர்கள் பெயரோடு சேர்த்து வைத்துப் பாடும் கைகொட்டுப் பாட்டு வரும். அப்பால் ஆண்களும் வந்து சேர, நடனம் தொடங்கும். 1773-ல் ஆங்கில எழுத்தாளர் டாக்டர் ஜான்ஸனும் அவருடைய நண்பர் பாஸ்வெல்லும் மேற்குத் தீவுகளில் பிரயாணம் செய்தபோது ராஸே தீவின் தலைவன் மனைவி அவர்களுக்கு இந்த வேலையைக் காட்டியதாகப் பாஸ்வெல் தம் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

பெண்களின் பாட்டுக்கு எத்தனை ஞாபக சக்தி இருந்தது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1570-ஆம் வருஷம் கிளன்ஸ்ட்ரே என்னும் இடத்து மக்கிரெகர் குலத் தலைவன் காம்ப்பெல் குலத்தாரால் சிரச்சேதம் செய்யப்பட்டான். அவனுடைய மனைவியோ காம்ப்பெல் குலத்திலே பிறந்தவள். கணவனைக் கொன்றவர்கள் தன் உறவினரே என்னும் நிலையில் அவள் பாடியதாக வழங்கும் ஒப்பாரி, 'கிரிகல் கிரியே' என்று பெயர் பெற்றது. அது தாலாட்டாக மாறி, நூற்றாண்டுகள் பல கடந்தும் மலைநாட்டுத் தாய்மார் குழந்தையைத் தூங்கவைக்கப் பாடும் பாட்டாக நிலைத்துவிட்டது. தொட்டிலருகே இருந்தவர்களே அந்தக் கொலையின் நினைவைக் காப்பாற்றினார்கள்.

நடனமாட வாத்தியம் இல்லாத ஊரிலும் நடனம் நிற்கவில்லை. நட்டுவனார் சொற்கட்டுச் சொல்லுவதுபோல, நாவில் விரைந்து புரளும் சொற்களைத் தாளத்தோடு பாடி, ஒரே மனிதக் குரலால் ஒரு கூட்டத்தையே ஆடவைக்கும் 'வாய்ச் சங்கீதம்' ஒன்று மலைநாட்டில் பிரசித்தமாக இருந்தது.

இனிக் கிழக்கே வருவோம். கீழ்நாட்டுக் கிராமங்களில் 'பென்னி விவாகம்' என்று ஒரு வழக்கம் இருந்தது. ஏழைத் தம்பதிகளின் கலியாணத்துக்கு வரும் ஒவ்வொருவரும் சிறு தொகை கொடுப்பார்கள். அதைக் கொண்டு உணவும் பானமும் வாத்தியக்காரனுக்குச் சம்மானமும் போக, எஞ்சிய பணம் புதுக் குடித்தனத்துக்கு உதவும். விருந்தும் நடனமும் களஞ்சியக் கொட்டிலில் நடக்கும். கூட்டம் பெரிதாகப் பெரிதாகத் தம்பதிகளுக்கு லாபம். இதைச் சீர்திருத்தத் திருச்சபையார் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள். 1645-ல் திருச்சபையின் மகாசபை பென்னி விவாகங்களில் நடக்கும் மிகைகளை அடக்குவதற்கென்றே ஒரு விதி செய்தது. பல ஊர்களில் கோயிற் பெரியோர் கூடும் சபை விருந்தாளிகள் இத்தனை பேர்தான், கட்டணம் இவ்வளவுதான் என்று வரையறுத்தது. குடிவெறியும் சண்டையும் அந்தக் கூட்டங்களில் நேர்ந்தது உண்டு. குருமார்களின் கவலையை முழுவதும் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் வேறு முதலில்லாத ஏழை ஒருவன் பானை சட்டி வாங்கவும் ஒரு பசுவுக்கு வழி தேடவும் அயலார் செய்த ஏற்பாடு அது என்பதை அவர்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது. ஜனங்கள் அந்த விதிகளைப் பொருட்படுத்தவும் இல்லை. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் 1795-ல் டேவிட் ஆலன் என்ற சித்திரக்காரர் இத்தகைய கலியாணத்தை எழுதினார். 1818-ல் டேவிட் வில்கி எழுதிய 'பென்னி விவாகம்' என்ற சித்திரம் அதனினும் புகழ் பெற்றது. வில்கி பைஃப் பிரதேசத்துக் குருவானவர் ஒருவரின் புதல்வர். குருவின் இல்லத்தில் பிறந்தவர் கையாலேயே அந்தக் கூட்டத்தின் உற்சாகம் நமக்குக் கிடைத்தது.

அந்தச் சித்திரத்தில் பிடில் வாசிக்கும் கிழவரை நீல் கௌ என்று அடையாளம் சொல்லுவார்கள். 1727-ல் பெர்த்ஷையரில் நெசவாளி ஒருவருக்கு மகனாகப் பிறந்து, டன்கெல்ட் நகரத்துக்கு அருகே இன்வர் என்னும் சிற்றூரில் ஆயுள் முழுவதும் வசித்து, 1807-ல் காலமானவர் அவர். பதினெட்டாம் பிராயத்தில் ஒரு பிடில் போட்டியில் கலந்துகொண்டார். நீதிபதியாக இருந்த அந்தக வித்வான் நூறு பேர் வாசித்தாலும் அந்தப் பையனுடைய வில்லின் வீச்சைத் தம் செவி பிரித்துக் கண்டுகொள்ளும் என்று சொல்லிப் பரிசை அவருக்கே அளித்தார். வில்லை மேல்நோக்கித் தள்ளும் வீச்சில் மற்றவர்களிடம் காணாத வலிமை அவரிடம் இருந்ததாம். அத்தோல் வம்சத்துப் பிரபுக்களின் மாளிகையில் நடனத்துக்கு வாசித்தவரும் அவரே. குடியானவர் கூட்டங்களில் வாசித்தவரும் அவரே. ஹென்றி ரேபர்ன் அவருடைய உருவத்தைத் தீட்டினார். 1787-ல் கவி ராபர்ட் பர்ன்ஸ் அவருடைய வாசிப்பைக் கேட்டதோடு அவர் வீட்டுக்கும் போய் வந்தார். விளைச்சல் பொய்த்த காலத்தில் வாற்கோதுமையிலிருந்து விஸ்கி வடிக்கக்கூடாது என்று தடை வந்தபோது அவர் இயற்றிய 'விஸ்கிக்கு விடை' என்ற மெட்டு இன்றும் வாசிக்கப்படுகிறது. ஸ்பே நதிப் பள்ளத்தாக்கின் பெயரைத் தாங்கிய 'ஸ்ட்ராத்ஸ்பே' என்னும் நடன மெட்டில் குறுகிய சுரம் ஒன்று வெட்டென்று முன்னே வர, நீண்ட சுரம் அதைத் தொடரும். அந்த நடையும் விரைந்து ஓடும் 'ரீல்' நடையும் கிராமத்துப் பிடிலின் இரண்டு கண்கள். பர்ன்ஸ் தம் பாடல்களிற் பலவற்றை இத்தகைய நடன மெட்டுக்களுக்கே அமைத்தார். எடின்பரோவில் ஜேம்ஸ் ஜான்ஸன் என்பவர் 1787 முதல் 1803 வரையில் ஆறு பாகங்களாக வெளியிட்ட அறுநூறு பாட்டுக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பர்ன்ஸின் கை பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டிலும் தீவுகளிலும் பக்தி இயக்கம் ஒன்று பரவியது. 1843-ல் திருச்சபை பிளவுண்டு சுதந்தரத் திருச்சபை தோன்றிய பின் அதன் வேகம் மிகுந்தது. நிலப்பிரபுக்களால் ஊர் ஊராக வெளியேற்றப்பட்டு, கடலோரத்துப் பாறைகளில் ஒதுங்கிய ஜனங்களுக்கு அந்தப் பக்தி பெரிய ஊன்றுகோலாக இருந்தது என்பதை மறைக்கக்கூடாது. ஆனால் அந்த உபதேசிகளில் பலர் பாட்டும் கதையும் நடனமும் ஆன்மாவுக்குக் கேடு என்று கண்டித்தார்கள். பைப் வாத்தியத்தையும் பிடிலையும் உடைத்து எரிக்கச் செய்தார்கள். எக் என்னும் சிறு தீவில் பழைய பாணியில் வல்ல பிடில் வித்வான் ஒருவரின் கதையைக் கார்மைக்கேல் எழுதியிருக்கிறார். நரைத்த தலையோடு கதவருகே அமர்ந்திருந்த அவரைப் போதகர் ஒருவர் பலர் முன்னிலையில் பழித்தார். குடும்பத்தாரும் பிடிலை எரித்துவிடும்படி வற்புறுத்தினார்கள். ஊரூராய்ச் சரக்கு விற்று வந்த வியாபாரி ஒருவன் பத்து ஷில்லிங் தருவதாகச் சொல்ல, அவர் அதைக் கொடுத்துவிட்டார். பெயர் பெற்ற இத்தாலியப் பிடில் வினைஞர் ஸ்ட்ராடிவாரியின் சீடன் செய்தது என்று அந்தப் பிடிலுக்குக் கீர்த்தி இருந்ததாம். கிடைத்த விலையைப் பற்றி அந்தக் கிழவர் வருந்தவில்லை. தாம் வாலிபராக இருந்தபோது தகப்பனார் தொழுவத்தின் மிகச் சிறந்த பசுவைக் கொடுத்து வாங்கிய பொருளைப் பிரிய நேர்ந்ததை எண்ணியே குரல் தழுதழுத்துக் கண்ணீர் விட்டாராம். அதற்குப் பின் அவர் சிரித்து ஒருவரும் பார்க்கவில்லை. இந்தச் சரித்திரத்தில் யுத்தக்களங்களைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். என் மனத்தை இவ்வளவு வருத்திய செய்தி வேறொன்றில்லை.

முன்பு கறுப்பு வீட்டைப் பற்றிச் சொல்லுகையில் குறித்த லூயிஸ் தீவில், வாத்தியம் எதுவும் நுழையாத கோயில்களில், தாவீதின் சங்கீதங்களைக் கேலிக் பாஷையில் பாடும் முறை வேரூன்றியது. தலைமைப் பாடகர் ஓர் அடியை எடுத்துக் கொடுக்க, சபையார் ஒவ்வொருவரும் தத்தம் மனத்துக்கு இசைந்த பிர்க்காக்களோடு அதைத் தொடர, அலைமேல் அலையாக எழும் அந்தப் பேரொலி, கேட்டவர்களை உருக்கிவிடும். பிடிலை இழந்த ஜனங்கள் குரலில் அதைத் தேடிக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தெற்கு யூயிஸ்ட், எரிஸ்கே, பாரா ஆகிய தீவுகளில் கத்தோலிக்க மதம் நிலைத்திருந்தபடியால் பழம் பாடல்கள் அதிகமாகத் தப்பின. எரிஸ்கேயின் குருவான ஆலன் மக்டொனால்ட் (1859-1905) அவற்றை அருமையாகச் சேகரித்து எழுதியவர்.

அபர்டீன்ஷையர் முதலிய வடகிழக்குப் பிரதேசத்தில் நிலைமை வேறு. அங்கே பெரும் பண்ணைகள். கலியாணமாகாத பண்ணையாட்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூடும் ஆள் சந்தையில் பேசி அமர்ந்து, பண்ணையை ஒட்டிய 'பாத்தி' என்னும் கொட்டகையில் கூட்டமாக வசித்தார்கள். இரவில் தானியப் பெட்டிமேல் உட்கார்ந்து, குதிகாலால் பெட்டியை உதைத்துத் தாளம் போட்டுக்கொண்டு, உழவையும் குதிரைகளையும் எஜமானுடைய கஞ்சத்தனத்தையும் பாடுவார்கள். இன்ன பண்ணையில் சாப்பாடு மோசம், இன்ன பண்ணையில் விடியுமுன் எழுப்புவார்கள் என்று பண்ணையின் பெயரைச் சொல்லியே பாடியபடியால், அடுத்த சந்தையில் அமரப் போகிறவனுக்கு அந்தப் பாட்டே எச்சரிக்கை ஆயிற்று. ட்ரம்டெல்கி என்னும் பண்ணையின் பெயர் இப்படித்தான் நிலைத்தது. அறுவடை முடிந்ததும் எஜமானும் ஆட்களும் சேர்ந்து ஓட்ஸ் மாவும் ஏல் பானமும் விஸ்கியும் கலந்து உண்டு, களஞ்சியத்தில் விடியும் வரையில் ஆடுவது வருஷ வழக்கம்.

இந்தப் பாட்டுக்களைத் திரட்டியவர் நியூ டியர் பகுதியில் ஒயிட்ஹில் பாடசாலை ஆசிரியராக இருந்த கேவின் கிரெக். அவருக்குத் துணையாக நின்றவர் ஜேம்ஸ் டங்கன் என்ற குருவானவர். கிரெக் 1907 முதல் 1911 வரையில் 'பக்கன் அப்சர்வர்' பத்திரிகையில் வாரந்தோறும் நாட்டுப்பாடலைப் பற்றி எழுத, படித்தவர்கள் தாங்கள் அறிந்த பாட்டுக்களைத் தபாலில் அனுப்பினார்கள். பெல் ராபர்ட்ஸன் என்னும் மூதாட்டி ஒருவர் மட்டும் நானூறுக்குச் சற்றுக் குறைந்த பாட்டுக்களின் சொற்களை நினைவிலிருந்து கொடுத்தார். அந்த அம்மையாருக்குப் பாட வராது; சொற்களை மட்டுமே வாழ்நாளெல்லாம் மனத்தில் ஏந்தியிருந்தார். இருவரும் சேர்த்த சுமார் மூவாயிரம் பாட்டுக்களும் எட்டுப் பாகங்களாக அச்சேறி முடிவதற்கு 2002-ஆம் வருஷம் வரையில் ஆயிற்று.

முதல் உலக யுத்தத்துக்குப் பின் கூட்டங்கள் வீட்டை விட்டுப் பொது மண்டபத்துக்குப் பெயர்ந்தன. பல ஊர்களில் யுத்தத்தில் மாண்ட பிள்ளைகளின் நினைவாகவே மண்டபம் எழுந்தது. 1917-ல் லாங்நிட்ரியில் தொடங்கிய கிராம மாதர் சங்கமும் விரைவில் நாடெங்கும் பரவி, தொழிற்கல்வியோடு தேநீருக்கும் பாட்டுக்கும் ஒரு நேரத்தை ஒதுக்கியது. இந்த மண்டபங்களின் சங்கீதத்துக்குத் தலைவர் என்று சொல்லத் தக்கவர் ஜிம்மி ஷாண்ட். 1908-ல் பைஃப் கடற்கரையில் கிழக்கு வீம்ஸ் என்னும் சுரங்க ஊரில் பிறந்து, இளமையில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கியவர். 1926-ஆம் வருஷத்து வேலைநிறுத்தத்தின்போது, வருமானமின்றித் தவித்த தொழிலாளர்களுக்கு உதவியாக நடந்த கூட்டங்களில் அவர் 'மெலோடியன்' என்னும் துருத்தி வாத்தியத்தை வாசித்தார். அதன் பலனாகச் சுரங்கத்தில் அவருக்கு மறுபடியும் வேலை கிடைக்கவில்லை. கிராமத்தாருக்கு வாசித்ததற்காகப் பிழைப்பை இழந்த அவர், வாசிப்பையே பிழைப்பாக்கிக்கொண்டு, மண்டபம் மண்டபமாகச் சென்று ஐம்பது வருஷத்துக்கு மேல் ஜனங்களை ஆடவைத்தார். 1999-ல் ஸர் பட்டமும் பெற்றார்.

கறுப்பு வீட்டின் நெருப்பைச் சுற்றியிருந்த அவையோ இதற்குள் மெலிந்து வந்தது. 1872-ஆம் வருஷத்துக் கல்விச் சட்டம் கேலிக் பாஷைக்கு இடமே வைக்கவில்லை. ஆகவே பாட்டியின் கதை பள்ளிக்கூடம் சென்ற பேரனுக்கு எட்டாத பொருளாகத் தொடங்கியது. ஆலைகள் துணி அடிக்கும் வேலையை எடுத்துக்கொண்டன. வேலை போனதும் அந்தப் பாட்டுப் பாடச் சந்தர்ப்பமும் போயிற்று. இந்த நிலையில் வந்து சேர்ந்த சிலருக்கு நாம் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். அமெரிக்கப் பெண்மணி மார்கரெட் பே ஷா 1929 முதல் ஆறு வருஷம் தெற்கு யூயிஸ்டில் குடியானவச் சகோதரிகள் இருவர் வீட்டில் அவர்களோடு ஒருத்தியாக வசித்து, கேட்ட பாட்டையெல்லாம் சுரத்தோடு எழுதி, 1955-ல் புத்தகமாக்கினார். எடின்பரோ சர்வகலாசாலையில் 1951-ல் ஸ்காட்டிஷ் ஆராய்ச்சிக் கழகம் ஏற்பட்டது. ராஸேயில் பிறந்த கேலம் மக்லீன் அதன் சார்பில் ஒலிப்பதிவு யந்திரத்தோடு தீவுகளுக்குச் சென்றார். ஹேமிஷ் ஹெண்டர்ஸன் வடகிழக்குப் பண்ணைகளிலும், நாடோடி வாழ்க்கை நடத்தும் ஜனங்களின் கூடாரங்களிலும் பாடகர்களைத் தேடி அலைந்தார். 1953-ல் அபர்டீனில் ஒரு சிறு வீட்டில் ஜீனி ராபர்ட்ஸன் என்னும் நாடோடிக் குலத்துப் பெண்மணியை அவர் கண்டார். பழங் கதைப்பாட்டுக்களை அந்த அம்மாள் பாடக் கேட்ட பண்டிதர்கள், புத்தகங்களில் மட்டுமே இருப்பதாக எண்ணியிருந்தவை உயிரோடு நிற்பதைக் கண்டு வியந்தார்கள்.

பாரா தீவில் 1981-ல் ஊரார் தாங்களே கூடி, குழந்தைகளுக்குக் கேலிக் பாட்டும் பிடிலும் பைப்பும் நடனமும் சொல்லிக்கொடுக்க ஒரு விழாவைத் தொடங்கினார்கள். அதைப் பார்த்து மற்ற ஊர்களும் தொடங்கின. நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டுக் கப்பலேறிய குடிகள் கனடாவின் கேப் பிரெட்டன் தீவுக்குத் தங்கள் பிடிலையும் பாட்டையும் எடுத்துச் சென்ற கதை, அடுத்த பகுதிக்கு உரியது.

(தொடரும்)